வெண்புள்ளியும் மனமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தோலில் வெண்புள்ளி தோன்றியவர்களை, மருத்துவர் அறையில் கேட்கப்படும் கேள்விகளைவிட, அந்த அறையை விட்டு வெளியே வந்த பிறகு வீட்டிலும் தெருவிலும் கேட்கப்படும் கேள்விகளே அதிகம் அலைக்கழிக்கின்றன. இரண்டு வகைக் கேள்விகளுக்கும் இங்கே விடை தர முயன்றிருக்கிறோம். தோலைப் பற்றிய செய்திகளை மனத்தைப் பற்றிய பேச்சுக்குத் தேவையான அளவுக்கே சொல்லியிருக்கிறோம்.

இதை ஏன் ‘வெண்குஷ்டம்’ என்று சொல்லக் கூடாது?

குஷ்டம் என்பது தொழுநோய். அது ஒரு பாக்டீரியாவால் வருவது. நரம்புகளைத் தாக்குவதால், வெளிறிய தேமல் போலத் தெரியும் இடத்தில் தொடு உணர்ச்சி மரத்துப்போகும். வெண்புள்ளியில் கிருமி எதுவும் இல்லை. பால் வெள்ளையாகத் தெரியும் அந்த இடத்தில் ஊசி பட்டால், உடலின் மற்ற இடங்களைப் போலவே சுருக்கென்று வலிக்கும். தொட்டாலோ, ஒரே தட்டில் சாப்பிட்டாலோ, ஒரே துண்டைப் பயன்படுத்தினாலோ பிறருக்கு வராது. தமிழ்நாடு அரசும் ‘வெண்குஷ்டம்’ என்ற சொல்லை விலக்கி ‘வெண்புள்ளிகள்’ என்பதையே பயன்படுத்த வேண்டும் என்று ஆணையிட்டிருக்கிறது.

சொல்லில் என்ன இருக்கிறது என்று சிலர் கேட்பார்கள். தொழுநோய் என்ற ஒன்றையே காரணமாகக் காட்டி மணவிலக்குக் கேட்கலாம் என்ற விதி இந்தியச் சட்டங்களில் 2019 வரை இருந்தது. அந்த ஆண்டில் வந்த திருத்தச் சட்டம்தான் அதை நீக்கியது. அத்தனை பாரம் ஏறிய சொல்லை, கன்னத்தில் ஒரு சிறு வெண்மையோடு வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் மேல் வைத்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. இதில் இன்னொரு பக்கமும் உண்டு. ‘எங்களுக்கு இருப்பது குஷ்டம் இல்லை’ என்று அழுத்திச் சொல்லித் தப்பிக்கும்போது, தொழுநோயாளியை ஒதுக்குவது சரிதான் என்று நாமே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடக் கூடாது. தொழுநோயும் இன்று கூட்டு மருந்துகளால் குணமாகிவிடுகிற நோய்தான்.

மனக்கவலையால்தான் வெண்புள்ளி வருகிறதா?

தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்னும் நிறமி. அதை உண்டாக்கும் செல்களை, உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலமே அயலார் என்று எண்ணி அழிப்பதால் வெண்புள்ளி உண்டாகிறது. தைராய்டு கோளாறுகளில் சிலவும் இதே போன்ற ஒரு தவறால் வருபவை என்பதால், இரண்டும் ஒருவரிடமே சேர்ந்து காணப்படுவது உண்டு. மரபணுக்களுக்கும் இதில் பங்கிருக்கிறது. ஆனால் முழுப் பங்கும் அவற்றுடையது அன்று. ஒரே மரபணுக்களைக் கொண்ட இரட்டையரில் ஒருவருக்கு வெண்புள்ளி இருந்தால் மற்றவருக்கும் அது இருந்தது ஏறத்தாழ 23 விழுக்காட்டினரிடம்தான் என்று ஓர் ஆய்வு கண்டது. வெளியிலிருந்து வரும் காரணங்களும் உண்டு. ஸ்டிக்கர் பொட்டின் பசையில் கலந்திருக்கும் ஒருவகை வேதிப்பொருள் நெற்றியின் நடுவே வெண்மையை உண்டாக்கலாம். ரப்பர் செருப்பின் வார் படும் இடத்திலும் அப்படி வருவது உண்டு.

கவலை எங்கே நிற்கிறது? ஒரு சாவு, ஒரு தேர்வு, வேலை இழப்பு என்று ஏதோ ஒன்றை அடுத்துப் புள்ளிகள் தோன்றியதாகப் பலர் சொல்கிறார்கள். மன அழுத்தம் நோய் எதிர்ப்பு மண்டலத்தை மாற்றுகிறது என்பது உறுதி. முதுமை மறதி நோய் கண்ட உறவினரை நாள் முழுவதும் பராமரித்து வந்தவர்களின் தோலில் சிறு காயம் உண்டாக்கி ஆராய்ந்தபோது, மற்றவர்களைவிட அது ஆற ஏறத்தாழ ஒன்பது நாள் கூடுதலாக ஆயிற்று என்று 1995-ல் அமெரிக்காவின் ஒஹாயோவிலிருந்து ஓர் ஆய்வு வெளிவந்தது. ஆனாலும், கவலை ஒன்றே வெண்புள்ளியை உண்டாக்கும் என்று நிறுவப்படவில்லை. இதை வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. ‘நீ எதையாவது நினைத்து மறுகிக்கொண்டே இருந்தாய், அதனால்தான் வந்தது’ என்று சொல்லும்போது, நோயோடு சேர்த்து ஒரு குற்றச்சாட்டையும் அவர் தலையில் ஏற்றுகிறோம்.

வலி இல்லை, பெரும்பாலும் அரிப்பும் இல்லை, உயிருக்கு ஆபத்தும் இல்லை. பிறகு ஏன் இவ்வளவு துயரம்?

இந்தக் கேள்வியை நோயாளியிடம் நேரடியாகக் கேட்டுவிட வேண்டாம் என்பது முதல் வேண்டுகோள். கேட்பவர் ஆறுதலாக நினைத்துக் கேட்பார். அது காதில் விழும் நோயாளிக்கோ, தன் வேதனைக்குத் தகுதி இல்லை என்று தீர்ப்பு எழுதப்பட்டதாகவே தோன்றும்.

வெண்புள்ளி உலகெங்கும் ஏறத்தாழ நூறு பேரில் ஒருவருக்கு, கணக்குகளுக்கேற்பச் சற்றுக் கூடவோ குறையவோ, வருகிறது. வெளிறிய தோலில் அது கோடைக்காலத்தில்தான் கண்ணுக்குப் படும். நம்முடைய மாநிறத்திலும் கருப்பிலும் பத்தடி தள்ளி நிற்பவருக்கும் தெரியும். அது விரும்பித் தோன்றும் இடங்களும் அப்படி: விரல் நுனி, உதட்டோரம், கண்ணைச் சுற்றி, முழங்கை, முழங்கால். சில்லறை கொடுக்கும் நடத்துநரின் விரல், பந்தியில் பரிமாறுபவரின் கை, திருநீறு நீட்டும் கை என்று, ஒருவர் மற்றொருவரோடு கொடுக்கல் வாங்கல் செய்யும் இடத்தில்தான் அது போய் உட்கார்கிறது. நீட்டிய கையிலிருந்து பணத்தை வாங்காமல் ‘மேசையில் வையுங்கள்’ என்று ஒருவர் சொல்லிவிட்டால், அன்றைய நாள் அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் கையை நீட்டும்போதெல்லாம் எதிரில் இருப்பவரின் கண்ணைத்தான் முதலில் பார்ப்பார்.

நம் மொழியிலேயே ஒரு விசித்திரம் உண்டு. வெளிறிய தோலைச் ‘சிவப்பு’ என்கிறோம். ‘பெண் நல்ல கலர்’ என்று பாராட்டுகிறோம். இந்தியாவில் 1975-ல் விற்பனைக்கு வந்த ஒரு முகப்பூச்சு, பெயரிலேயே வெண்மையையும் அழகையும் சேர்த்துக் கட்டி, 2020-ல்தான் அந்தப் பெயரை மாற்றிக்கொண்டது. கருப்பும் அழகே என்று சொல்லும் இயக்கம் ஒன்றை 2009-ல் சென்னையைச் சேர்ந்த ‘விமன் ஆஃப் வொர்த்’ அமைப்பு தொடங்க வேண்டியிருந்தது. இப்படி வெளுப்புக்கு ஏங்கும் அதே வீடு, தோலில் உள்ளங்கை அளவு வெண்மை தோன்றினால் அதிர்ந்துபோகிறது. ஆக, அச்சம் நிறத்தைப் பற்றியது அன்று, ஊர் எதிர்பார்க்கும் தோலிலிருந்து விலகி நிற்பதைப் பற்றியது என்றே எனக்குத் தோன்றுகிறது. சிறு வயது முதல் ‘கருப்பி’ என்ற கேலியைத் தாங்கி வளர்ந்த ஒரு பெண்ணுக்கு வெண்புள்ளி வரும்போது, பழைய காயத்தின் மேலேயே புதியதும் விழுகிறது.

எதிர்பாராத் தன்மை இன்னொரு சுமை. புள்ளிகள் ஆண்டுக்கணக்கில் அசையாமல் இருக்கும். திடீரென்று மூன்று மாதத்தில் பரவும். சில நேரம் தானாகவே நிறம் திரும்பும். ஆகையால் ஒவ்வொரு காலையும் கண்ணாடி முன் ஒரு சோதனை நடக்கிறது. ஏறத்தாழ பாதிப் பேருக்கு இருபது வயதுக்குள்ளேயே தொடங்குவதால், ‘நான் எப்படி இருக்கிறேன்’ என்ற கேள்வி மிகக் கூர்மையாக இருக்கும் பருவத்திலேயே இந்தச் சோதனையும் தொடங்கிவிடுகிறது. பிறப்புறுப்புப் பகுதியிலும் வெண்மை வரலாம் என்பதும், அதனால் தாம்பத்தியத்தில் வரும் கூச்சத்தை மருத்துவரிடம்கூடச் சொல்லாமல் புழுங்குபவர்கள் உண்டு என்பதும் வெளியே அதிகம் பேசப்படுவதில்லை. மருத்துவர் தாமாகக் கேட்டால்தான் அது வெளிவரும்.

புள்ளி ஒரு ரூபாய் நாணய அளவுதான். ஆனாலும் வெளியே போகவே மறுக்கிறார். மிகைப்படுத்துகிறாரா?

இல்லை. புள்ளியின் பரப்பையும் துயரத்தின் ஆழத்தையும் ஒரே அளவுகோலால் அளக்க முடியாது என்பதைத் தோல் மருத்துவர்கள் முன்பே உணர்ந்துவிட்டார்கள். பிரிட்டனின் கார்டிஃப் நகரில் 1994-ல் பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு படிவம் உருவாக்கப்பட்டது. கடந்த ஒரு வாரத்தில் தோலால் எவ்வளவு கூச்சம் ஏற்பட்டது, உடை தேர்ந்தெடுப்பது மாறியதா, வேலையோ படிப்போ தடைப்பட்டதா, நெருக்கமான உறவில் சிக்கல் வந்ததா என்று அது கேட்கும். மொத்த மதிப்பெண் 30. பத்துக்கு மேல் போனால் வாழ்க்கையில் பெரும் பாதிப்பு இருப்பதாகப் பொருள். உடல் முழுதும் புள்ளி உள்ள ஒருவர் மூன்று பெறலாம். இமையோரம் ஒரே ஒரு புள்ளி உள்ளவர் பதினெட்டுப் பெறலாம். வெண்புள்ளிக்கென்றே 22 கேள்விகள் கொண்ட படிவம் ஒன்றை டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் தோல் மருத்துவர்கள் வகுத்திருக்கிறார்கள். அடுத்த முறை செல்லும்போது இப்படி ஒரு படிவத்தை நிரப்பிக் கொடுக்கலாமா என்று நீங்களே கேட்கலாம். ‘எப்படி இருக்கிறீர்கள்’ என்றால் ‘பரவாயில்லை’ என்று சொல்லியே பழகிய நமக்கு, எண்ணில் சொல்வது சில நேரம் எளிதாக இருக்கிறது.

பிறர் கண்ணுக்கே தெரியாத ஒரு குறையை நினைத்து, நாளில் மணிக்கணக்கில் கண்ணாடி பார்ப்பது, தடவித் தடவிச் சோதிப்பது, ‘தெரிகிறதா, தெரிகிறதா’ என்று வீட்டாரை ஓயாமல் கேட்பது என்றிருந்தால் அது வேறு நிலை. உடல் தோற்றக் குறை மயக்கம் என்று அதைச் சொல்லலாம். மன மருத்துவத்தில் அது ஓ.சி.டி. எனப்படும் எண்ணச் சுழல் நோயின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதற்குத் தோல் சிகிச்சையோ அழகுச் சிகிச்சையோ பெரும்பாலும் நிம்மதி தராது. ஒன்றைச் சரிசெய்தால் கவலை அடுத்த இடத்துக்கு நகர்ந்துவிடும். மனநல மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும். வெண்புள்ளி உள்ளவரின் கூச்சத்தை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அவரை ஊர் உண்மையாகவே உற்றுப் பார்க்கிறது.

சாதாரண வருத்தத்துக்கும் மனச்சோர்வு நோய்க்கும் வேறுபாடு எப்படி அறிவது?

புள்ளிகளைக் கண்ட புதிதில் அழுவதும் கோபப்படுவதும் இயல்பு. இரண்டு வாரத்துக்கு மேல், பெரும்பாலான நாட்களில், முன்பு பிடித்த எதிலும் மனம் செல்லாமல் இருப்பது, தூக்கமும் பசியும் கெடுவது, கல்லூரிக்கோ வேலைக்கோ போவதை நிறுத்துவது, திருமணம் திருவிழா என்று எதற்கும் வராமல் அறைக்குள் அடைந்துகொள்வது, தான் யாருக்கும் பாரம் என்று பேசுவது ஆகியவை சேர்ந்து வந்தால் தாமதிக்காமல் உதவி தேட வேண்டும். வாழ்வே வேண்டாம் என்ற பேச்சு ஒருமுறை வந்தாலும் அதை ‘சும்மா சொல்கிறார்’ என்று தள்ளிவிடாமல், அன்றே தனியாக விடாமல் இருந்து, மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. இருபத்து நான்கு மணி நேரமும் கட்டணமின்றித் தமிழிலும் பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவும் மனநலப் பிரிவும் ஒரே வளாகத்தில் இருப்பதால், ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிட முடியும்.

மனநல ஆலோசனையில் என்னதான் செய்வார்கள்? பேசினால் நிறம் வந்துவிடுமா?

நிறத்துக்காக அங்கே போவதில்லை. ‘பேருந்தில் எல்லோரும் என் கையைத்தான் பார்க்கிறார்கள்’ என்ற எண்ணம் எழும்போது அதைப் பிடித்து நிறுத்தி, எத்தனை பேர் பார்த்தார்கள், பார்த்தவர்களில் எத்தனை பேர் முகம் சுளித்தார்கள், அப்போது நான் என்ன செய்தேன் என்று ஆராயப் பழக்குவார்கள். முழுக்கைச் சட்டை இல்லாமல் தெருமுனைக் கடைக்கு, பிறகு நூலகத்துக்கு, பிறகு உறவினர் வீட்டுக்கு என்று, அஞ்சி விலகிய இடங்களுக்குப் படிப்படியாகத் திரும்ப வைப்பார்கள். லண்டனில் 1999-ல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், எட்டு வாரம் இப்படிச் சிகிச்சை பெற்றவர்களுக்குத் தன்மதிப்பும் வாழ்க்கைத் தரமும் உயர்ந்தன. ஆய்வில் பங்கேற்றவர்கள் மிகச் சிலரே என்பதால் அதன் மேல் பெரிய மாளிகை கட்ட முடியாது. ஆனால் திசை சரியானது என்றே நினைக்கிறேன்.

மீனும் தயிரும் சேர்த்துச் சாப்பிட்டதால் வந்ததா? பத்தியம் இருக்க வேண்டுமா?

இல்லை, தேவையில்லை. கருவாட்டுக் குழம்பும் மோரும் ஒரே வேளையில் சாப்பிட்டவர்களுக்கெல்லாம் வெண்புள்ளி வருவதாக இருந்தால் நம் கடற்கரை ஊர்களில் ஒருவரும் தப்பியிருக்க முடியாது. புளிப்பு, பால், மீன், முட்டை என்று ஒவ்வொன்றாக நிறுத்துவதால் தோலுக்கு நன்மை இல்லை. வளரும் பிள்ளைக்குச் சத்துக் குறைவும், பந்தியில் தனியாக உட்கார்ந்து தனிச் சோறு சாப்பிடும் தனிமையும்தான் மிச்சம்.

பன்னிரண்டு வயது மகளைப் பள்ளியில் கேலி செய்கிறார்கள். பெற்றோர் என்ன செய்யலாம்?

முதலில் வகுப்பாசிரியரைத் தனியாகச் சந்தித்து, இது ஒட்டாது என்று மருத்துவர் எழுதிய ஒரு வரிக் கடிதத்தைக் கொடுங்கள். ஆசிரியர் அதை மகளின் பெயரைச் சொல்லாமல், தோல் நிறத்தைப் பற்றிய பொதுப் பாடமாக வகுப்பில் பேசுவது நல்லது. அவளை எழுப்பி நிறுத்தி ‘இவளோடு எல்லோரும் பழகுங்கள்’ என்று சொல்லும் கருணை மிகக் கொடியது.

மகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியது ஒரு சிறு விடை. ‘இதற்குப் பெயர் வெண்புள்ளி. வலிக்காது, உனக்கு ஒட்டாது.’ அவ்வளவுதான். கேட்ட பிள்ளைக்கு ஆர்வம் அதோடு அடங்கிவிடும். வீட்டில் கண்ணாடி முன் அவளைக் கூப்பிட்டு நாள்தோறும் புள்ளியை அளக்காதீர்கள். மாதம் ஒருமுறை புகைப்படம் எடுத்து மருத்துவரிடம் காட்டினால் போதும். விருந்தினர் வரும்போது ‘முழுக்கை போட்டுக்கொள்’ என்று தாய் மெல்லச் சொல்வதும் பிள்ளையின் காதில் உரத்த குரலாகவே விழுகிறது.

மறைக்கும் பூச்சு பூசுவது கோழைத்தனமா?

இல்லை. தோல் நிறத்துக்கு ஏற்பக் கலந்து செய்யும் மறைப்புப் பூச்சுகள் பலருக்கு நிம்மதி தருகின்றன. கவனிக்க வேண்டியது ஒன்றே: பூச்சு இல்லாமல் வாசல் வரைகூட வர முடியாத நிலை வந்துவிட்டதா? வந்துவிட்டால் பூச்சோடு ஆலோசனையும் தேவை. பாடகர் மைக்கேல் ஜாக்சன் தமக்குத் தோல் நிறம் போகும் நோய் இருப்பதாக 1993-ல் தொலைக்காட்சிப் பேட்டியில் சொன்னார். அதற்குப் பிறகும் அவர் வேண்டுமென்றே வெளுத்துக்கொண்டதாகவே உலகம் பேசியது. 2009 ஜூன் 25-ல் அவர் இறந்த பிறகு நடந்த உடற்கூறு ஆய்வு, அவருக்கு வெண்புள்ளி இருந்ததை உறுதி செய்தது. அந்த நாளே இப்போது உலக வெண்புள்ளி நாளாக நினைவுகூரப்படுகிறது.

மருந்துக் கடையில் கேட்டு ஒரு களிம்பு வாங்கிப் பூசலாமா?

கூடாது. வெண்புள்ளிக்கு மருத்துவர்களே ஸ்டீராய்டு களிம்பு எழுதுவது உண்டு. ஆனால் எந்த வீரியம், எந்த இடம், எத்தனை வாரம் என்ற கணக்கோடு. அந்தக் கணக்கு இல்லாமல் பூசினால் தோல் மெலிந்து, இரத்த நாளங்கள் சிவப்புக் கோடுகளாகத் தெரியத் தொடங்கி, பருவும் முடியும் முளைக்கும். இந்தியாவின் 12 தோல் மருத்துவ மையங்களுக்கு முகச் சிக்கல்களோடு வந்த 2,926 பேரை ஆராய்ந்து 2011-ல் வெளியான ஆய்வில், 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு பூசி வந்தது தெரிந்தது. மத்திய அரசு 2018-ல் இத்தகைய 14 ஸ்டீராய்டுகளை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று ஆணையிட்டது. ஒரு தோல் சிக்கலோடு போய் இரண்டோடு திரும்புபவரின் மனச்சுமையும் இரட்டிப்பாகிறது.

திருமணத்துக்கு முன் சொல்ல வேண்டுமா?

சொல்வதே நல்லது என்பது என் கருத்து. அறத்துக்காக மட்டும் அன்று, சொல்லாதவர் சுமக்கும் அச்சத்துக்காகவும். ஆடைக்குள் இருக்கும் புள்ளியை மறைத்து மணந்தவர், அது தெரியவரும் நாளை எண்ணியே நாளைக் கழிப்பார். தரகர் வழியாகவோ மூன்றாம் உறவினர் வழியாகவோ சொல்லாமல், பெண்ணும் பையனும் நேரில் பேசும்போது, மருத்துவர் சொன்ன செய்திகளோடு சொல்வது நல்லது. பிள்ளைகளுக்கு வருமா என்று கட்டாயம் கேட்பார்கள். குடும்பத்தில் இல்லாதவர்களைவிட வாய்ப்பு கூடுதல்தான். ஆனாலும் பெரும்பான்மையான பிள்ளைகளுக்கு வருவதில்லை. உடன்பிறந்தவர்களிடமே ஒரு பெரிய ஆய்வு கண்ட அளவு 6 விழுக்காட்டைச் சற்றே தாண்டியதுதான். அக்காவுக்கு இருப்பதால் தங்கையின் வரனும் தட்டிப்போகும் வீடுகளில் இந்த எண்ணைச் சொல்லிப் பார்க்கலாம். எண்ணைக் கேட்டு எல்லோரும் மனம் மாறிவிட மாட்டார்கள் என்பதும் உண்மை.

சிகிச்சையால் நிறம் திரும்புமா?

பலருக்கு, பல இடங்களில் திரும்பும். குறுகிய அலைவரிசைப் புற ஊதாக் கதிர்ச் சிகிச்சையை வாரம் இரண்டு மூன்று முறை, குறைந்தது ஆறு மாதம் எடுத்துக்கொள்ள வேண்டும். முகத்தில் பலன் நன்றாகத் தெரியும். விரல் நுனியிலும் உதட்டிலும் குறைவு. முடிக்கால்களில் ஒளிந்திருக்கும் நிறமிச் செல்களே வெளியே பரவி நிறம் தருவதால், முதலில் மிளகுத் தூள் தூவியது போலக் கரும்புள்ளிகளாகத்தான் தெரியும். இதை முன்பே சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் நோய் முற்றிவிட்டதாக அஞ்சிப் பாதியிலேயே நிறுத்திவிடுவார்கள். ஓராண்டாகப் பரவாமல் நின்ற புள்ளிகளுக்கு அறுவை முறையில் தோலோ செல்களோ ஒட்டுவதும் உண்டு.

சிகிச்சையே வேண்டாம் என்று முடிவு செய்யலாமா?

செய்யலாம். நோயாளியே, சோர்வினால் அல்லாமல் யோசித்து எடுக்கும் முடிவாக இருந்தால் அதை மதிக்க வேண்டும். அப்போதும், வெண்மையான இடம் வெயிலில் எளிதில் வெந்துபோகும் என்பதால் ஆடையாலோ சன்ஸ்கிரீனாலோ காக்க வேண்டும். மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தைராய்டு பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். சில ஆண்டு கழித்து மனம் மாறினால் திரும்பி வரலாம். நாட்பட்ட புள்ளியில் பலன் குறையக்கூடும் என்றாலும், புள்ளிக்குள் முளைக்கும் முடி இன்னும் கருப்பாகவே இருந்தால், நிறம் திரும்புவதற்கான விதைகள் அங்கே மிச்சம் இருக்கின்றன.